மிளகு விமானம் ஏறியது, வெள்ளச்சி ஊரிலேயே இருந்தது: ரீயூனியனிலிருந்து பாரிசுக்குப் பூனையைக் கொண்டுபோகும் வழிகள்

மாற்றல் உத்தரவு வந்த அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்ததும் மகள் கேட்டது ஒரே கேள்விதான். “மிளகும் வெள்ளச்சியும் எப்படிம்மா வரும்?”

என் கணவர் பள்ளி ஆசிரியர். செப்டம்பர் 1-ஆம் தேதி பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகர்ப் பள்ளியில் சேர வேண்டும் என்று உத்தரவு. நாங்கள் இருந்தது இந்தியப் பெருங்கடலில் பிரான்சின் ஒரு பகுதியான ரீயூனியன் தீவின் கிழக்குக் கரையில், சேன்-ஆந்த்ரேயில். கொலோஸ் கோவிலில் மேளம் அடித்தால் எங்கள் வாசலில் கேட்கும். மிளகுக்கு 3 வயது, கறுப்பு, எடை 4 கிலோ 200 கிராம். வெள்ளச்சிக்கு 14 வயது, சிறுநீரகம் பழுதாகி இரண்டு வருடமாக வைத்தியத்தில் இருந்தது. இரண்டும் ஒரே திண்ணையில் வெயில் காய்ந்து வளர்ந்தவை. அதனால் இரண்டுக்கும் ஒரே முடிவு எடுத்தால் போதும் என்று நினைத்தோம். கடைசியில் வெவ்வேறு முடிவு எடுத்தோம். அந்த இரண்டு மாதத்தில் விசாரித்தது, பார்த்தது, பட்டது எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். ஒவ்வொரு ஜூலை, ஆகஸ்டிலும் தீவிலிருந்து பிரான்சுக்கு வீடு மாற்றுகிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் ஒருவருக்காவது பயன்படும்.

வழிகள் நான்கு இருந்தன. பூனையை நம்மோடு கேபினுக்குள் கொண்டுபோவது. அதே விமானத்தின் அடிப்பகுதியில், கூண்டில் அனுப்புவது. விலங்குகளை அனுப்பும் முகவரிடம் கொடுத்துத் தனியாகச் சரக்காக அனுப்புவது. அல்லது ஊரிலேயே நம்பகமான ஒருவரிடம் விட்டுவிட்டுப் போவது. எது நமக்குச் சுலபம் என்று கேட்டால் ஒரு விடை வரும். எந்தப் பூனை, என்ன வயது, என்ன எடை, என்ன சுபாவம் என்று கேட்டால் வேறு விடை வரும். நாங்கள் ஆரம்பத்தில் முதல் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். மிருக டாக்டர்தான் எங்களை இரண்டாவது கேள்விக்கு இழுத்து வந்தார்.

கேபின்: முதலில் தராசு, பிறகுதான் டிக்கெட்

ரீயூனியனுக்கும் பாரிசுக்கும் நடுவே ஏர் பிரான்ஸ், ஏர் ஆஸ்ட்ரல், கோர்சேர், பிரெஞ்ச் பீ ஆகிய நிறுவனங்கள் நேரடியாகப் பறக்கின்றன. ஏர் பிரான்சில் பூனையும் பையும் சேர்ந்து 8 கிலோவுக்குள் இருந்தால்தான் கேபின். பையின் அளவு 46, 28, 24 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மற்ற நிறுவனங்களுக்கு எடையும் அளவும் கட்டணமும் தனித்தனி, அவ்வப்போது மாறவும் செய்யும். டிக்கெட் எடுக்கிற அன்று அவர்களுடைய தளத்திலேயே பார்த்துவிடுங்கள். பார்த்ததோடு நிறுத்தாமல் பூனைக்கும் இடம் பதிவு செய்யுங்கள். ஒரு விமானத்தின் கேபினில் இத்தனை விலங்குதான் என்று கணக்கு உண்டு. அந்த இடம் நிரம்பிவிட்டால் உங்கள் டிக்கெட் கையில் இருந்தும் பூனைக்கு இடம் இல்லாமல் போகும். நாங்கள் முதலில் பூனைக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொண்டோம், அப்புறம்தான் மனிதர்களுக்குப் பணம் கட்டினோம்.

எடை போடுவது சுலபம். பூனை உள்ளே இருக்கும் பையைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறி நில்லுங்கள், பிறகு பை இல்லாமல் நில்லுங்கள், வித்தியாசம்தான் விடை. உள்ளே விரிக்கும் துணியையும் சேர்த்தே எடை போடுங்கள். கௌண்டரில் அதையும் சேர்த்துத்தான் நிறுக்கிறார்கள்.

24 சென்டிமீட்டர் உயரம் என்பது ஒரு ஸ்கேலை விடக் குறைவு. மிளகு மாதிரி நடுத்தரப் பூனைக்கே அது இறுக்கம்தான். படுக்கலாம், புரளலாம், சுற்றித் திரும்பலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. பயணம் முழுவதும் அது அந்தப் பைக்குள், முன் இருக்கைக்கு அடியில்தான் இருக்க வேண்டும். மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டு போகலாம் என்று மகள் கனவு கண்டாள். அதை முதலிலேயே சொல்லிப் புரியவைத்தோம். துணிப் பையா, பிளாஸ்டிக் கூண்டா என்றால் கேபினுக்குத் துணிப் பைதான். மேல்பக்கம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், இருக்கைக்கு அடியில் நுழையும். ஆனால் ஜிப் நல்ல ஜிப்பாக, உள்பக்கமிருந்து நகத்தால் திறக்க முடியாததாக இருக்க வேண்டும்.

விமானத்தில் 11 மணி நேரம் என்று எல்லோரும் சொல்வார்கள். பூனைக்கு அது 11 மணி நேரம் அல்ல. நாங்கள் மாலை 5 மணிக்கு வீட்டைப் பூட்டினோம். சேன்த்-மரியில் இருக்கும் ரோலான் காரோஸ் விமான நிலையத்தில் காத்திருப்பு, 9 மணி வாக்கில் புறப்பாடு, பாரிசில் இறங்கும்போது அங்கே காலை 6 தாண்டியிருந்தது. ஆகஸ்டில் பாரிஸ் ரீயூனியனுக்கு 2 மணி நேரம் பின்னால். பெட்டிகள் வந்து, கார் பிடித்து, புது வீட்டுக் கதவைத் திறந்தபோது ரீயூனியன் நேரப்படி காலை 10. ஆக 17 மணி நேரம் மிளகு பைக்குள். முடிவு எடுக்கும்போது வாசலிலிருந்து வாசல்வரை எண்ணுங்கள்.

பூனையின் உடம்பு அதைத் தாங்குமா? ஆரோக்கியமான வளர்ந்த பூனை தாங்கும். விமானம் 11,000 மீட்டர் உயரத்தில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தை 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பது மாதிரி வைத்திருப்பார்கள். நம் தீவின் மைதோ மலை விளிம்பு கிட்டத்தட்ட 2,200 மீட்டர். அங்கே காரில் போய் இறங்கி மூச்சு வாங்காமல் நடக்கிறோம் இல்லையா, அந்த அளவு. இதய நோய், ஆஸ்துமா உள்ள பூனைக்கு அதுவே சுமையாகலாம். பாரசீகப் பூனை மாதிரித் தட்டை மூக்கு இனங்களுக்கு மூச்சுப்பாதையே குறுகல். அவற்றை அடிப்பகுதியில் ஏற்றப் பல நிறுவனங்கள் மறுத்துவிடுகின்றன. அப்படிப்பட்ட பூனை வைத்திருப்பவருக்குக் கேபின் அல்லது ஊர், இரண்டில் ஒன்றுதான்.

சுபாவத்தை எப்படி அறிவது? இந்தத் தீவில் அதற்குத் தனிப் பரீட்சை தேவையில்லை. டிசம்பர் 31 ராத்திரிப் பட்டாசும் தீமிதித் திருவிழாவின் மேளமும் போதும். அந்தச் சத்தத்தில் உங்கள் பூனை என்ன செய்கிறது என்று நினைத்துப் பாருங்கள். மிளகு அலமாரிக்கு அடியில் போய்ச் சுருண்டு படுத்துக்கொள்ளும்; சத்தம் நின்றதும் வெளியே வந்து சாப்பிடும். அப்படி ஒடுங்கிக்கொள்கிற பூனை பைக்குள்ளும் ஒடுங்கிக்கொள்ளும். ஆனால் சத்தம் கேட்டதும் சுவரில் ஏறி, திரைச்சீலையைக் கிழித்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடக்கிற பூனையும் உண்டு. அதை 24 சென்டிமீட்டர் உயரப் பையில் 17 மணி நேரம் வைப்பதற்கு முன் டாக்டரிடம் நிறையப் பேச வேண்டும்.

பழக்குவதற்குக் குறைந்தது இரண்டு மாதம் வேண்டும். பையை வாங்கிய அன்றே கூடத்தில் திறந்து போட்டேன். உள்ளே என் பழைய பருத்திப் புடவைத் துண்டு ஒன்று. முதல் வாரம் அது பக்கத்திலேயே போகவில்லை. பிறகு சாப்பாட்டுத் தட்டைப் பைக்குப் பக்கத்தில் வைத்தேன், அப்புறம் வாசலில், அப்புறம் உள்ளே. மூன்றாவது வாரம் மதியத் தூக்கம் பையில்தான். அதன் பிறகு ஜிப்பை மூடி ஐந்து நிமிடம். பிறகு காரில் சேன்த்-சுசான் வரை. பிறகு சேன்-பெனுவா வரை போய் வந்தோம். இதையெல்லாம் செய்யாமல் பயணத்தன்று பையைக் காட்டினால், பூனைக்கு அது தெரியாத பொறி. பழக்கியிருந்தால் அது தன் படுக்கை, கூடவே தன் வீட்டு வாசனை.

மார்புப் பட்டையையும் அப்போதே பழக்குங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பாதுகாப்புச் சோதனையில் பூனையைப் பையிலிருந்து வெளியே எடுத்தாக வேண்டும். பை எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போகும். பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு நீங்கள் வாசலைக் கடக்க வேண்டும். நான் கடந்துகொண்டிருந்த நேரத்தில் பின்னால் யாரோ பிளாஸ்டிக் தட்டுகளைக் கீழே போட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் மிளகு என் தோளில் ஏறி முதுகுப்பக்கம் குதித்தது. பட்டையும் கயிறும் என் மணிக்கட்டில் சுற்றியிருந்ததால் பிடித்தேன். கழுத்தில் நகம் பட்டு இரண்டு கோடு. பட்டை இல்லாவிட்டால் அந்தப் பெரிய கூடத்தில் அதை எங்கே போய்த் தேடுவது? தனி அறையில் சோதிக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்கலாம் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. நீங்கள் கேளுங்கள்.

மருந்து கொடுப்பதா, வேண்டாமா?

வீட்டில் பெரிய வாக்குவாதம் இதில்தான். “தூக்க மாத்திரை ஒண்ணு கொடுத்துட்டா பாவம் தூங்கிக்கிட்டே வந்துடுமேடி” என்றார் அம்மா. பாசத்தில் சொன்னதுதான். ஆனால் ஆழ்ந்து மயங்க வைக்கிற மருந்து விமானத்தில் ஆபத்து. ரத்த அழுத்தம் இறங்கும், உடம்பு தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது, மூச்சு மந்தமாகும். பையில் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அதைத் திருப்பிக்கொள்ளக்கூட பூனைக்குத் தெம்பு இருக்காது. மயக்கத்தில் இருக்கும் விலங்கை ஏற்றவே நிறுவனங்கள் தயங்குகின்றன. மனிதர்கள் சாப்பிடும் மாத்திரையில் கால்துண்டு கொடுப்பது என்ற பேச்சே வேண்டாம். பாராசிட்டமால் பூனைக்கு விஷம் என்பது பலருக்கு இன்னும் தெரியவில்லை.

எங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்தது கபாபென்டின். மயங்க வைக்காமல் பதற்றத்தைக் குறைக்கிற மருந்து. புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு கொடுக்க வேண்டும். அளவு பூனைக்குப் பூனை மாறும், அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பயணத்துக்கு ஒரு வாரம் முன் வீட்டில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். கொடுத்தோம். மிளகு நாலைந்து மணி நேரம் பின்னங்கால் தள்ளாடி நடந்தது, மற்றபடி அமைதி. அன்றைக்கே அதைப் பார்த்திருந்ததால் பயணத்தில் தள்ளாட்டத்தைக் கண்டு பயப்படவில்லை.

இதே மருந்து வெள்ளச்சிக்கு? கபாபென்டின் உடம்பிலிருந்து வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. பழுதான சிறுநீரகம் என்றால் மருந்து உள்ளேயே தங்கும். அளவைக் குறைத்தாக வேண்டும், குறைத்தாலும் எப்படி நடந்துகொள்ளும் என்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளச்சியின் விஷயத்தில் எங்கள் மனம் மாறத் தொடங்கியது இந்தப் பேச்சுக்குப் பிறகுதான்.

சாப்பாடு பற்றி: புறப்படுவதற்கு நாலைந்து மணி நேரம் முன்பே தட்டை எடுத்துவிட்டோம், தண்ணீரை மட்டும் கடைசிவரை வைத்திருந்தோம். பையில் உறிஞ்சும் விரிப்பு ஒன்று, கைப்பையில் இன்னும் இரண்டு. நடுராத்திரியில் பணிப்பெண்ணிடம் கேட்டுக்கொண்டு கழிவறைக்குப் பையோடு போய்க் கதவைத் தாளிட்டு, உள்ளங்கையில் தண்ணீர் காட்டினேன். இரண்டு வாய் நக்கியது. சிறுநீர் கழிக்கவே இல்லை. புது வீட்டில் மணல் தட்டை வைத்த பிறகுதான் போயிற்று. அது பூனைகளுக்கு வழக்கம், பதற வேண்டாம். ஆனால் ஒரு நாள் முழுவதும் தாண்டியும் போகவில்லை என்றால், அதுவும் ஆண் பூனை என்றால், உடனே டாக்டரிடம் ஓடுங்கள். ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொள்வது உயிருக்கே ஆபத்து.

பக்கத்து இருக்கைக்காரரிடம் உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டேன். பூனை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதன் எச்சிலிலும் தோலிலும் உள்ள புரதம்தான் தொல்லை கொடுக்கிறது. அவருக்கு ஒன்றும் இல்லை என்றார். இருந்திருந்தால் இடம் மாற்றிக்கொள்ள அப்போதே கேட்டிருக்கலாம்.

அடிப்பகுதி: பயப்படுகிற அளவு மோசம் அல்ல, ஆனால் காலம் பார்க்க வேண்டும்

எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம் அதே வருடம் பிரான்சின் துலூசுக்குப் போனார்கள். அவர்களுடைய ராஜா 7 கிலோ 100 கிராம். பை 1 கிலோ 200. கூட்டினால் 8 கிலோ 300. முந்நூறு கிராமுக்காக ஒரு மாதம் அதற்குத் தீனியைக் குறைத்துப் பார்த்தார்கள். நான் வேண்டாம் என்றேன். பூனையைத் திடீரென்று பட்டினி போட்டால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து பெரிய நோயில் கொண்டுபோய் விடும். பருமனான பூனைக்கு அந்த ஆபத்து அதிகம். இளைக்க வைப்பதென்றால் மாதக்கணக்கில், டாக்டர் மேற்பார்வையில்தான். கடைசியில் ராஜா அடிப்பகுதியில் போயிற்று.

விமானத்தின் அடிவயிறு என்றாலே பெட்டிகளுக்கு நடுவே உறைந்து போகும் இருட்டறை என்று நினைத்துக்கொள்கிறோம். விலங்குகளை ஏற்றும் பகுதியில் கேபினைப் போலவே காற்றழுத்தம் உண்டு, சூடும் காக்கப்படுகிறது; விலங்கு இருக்கிறது என்று விமானிக்குத் தெரிவிப்பார்கள். கூண்டு சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதிப்படி இருக்க வேண்டும்: கெட்டியான சுவர், நான்கு பக்கமும் காற்றோட்டம், இரும்புத் திருகு, கதவைத் திறக்காமலே தண்ணீர் ஊற்றக்கூடிய கிண்ணம், உள்ளே நிமிர்ந்து நின்று திரும்பிப் படுக்க இடம். கவனியுங்கள், இந்த ஒரு விஷயத்தில் அடிப்பகுதிப் பூனைக்குக் கேபின் பூனையைவிட வசதி அதிகம். ராஜா நிமிர்ந்து நின்றது. மிளகுக்கு அது கிடைக்கவில்லை.

ஆபத்து பறக்கும்போது இல்லை, தரையில்தான். ஏற்றுவதற்கு முன் ஓடுதளத்தில் காத்திருக்கும் நேரம், வண்டிகளின் இரைச்சல், தீவில் கோடையான ஜனவரி மாத வெயில். அங்கே நீங்கள் இல்லை. பூனை வாய் திறந்து மூச்சு வாங்கினாலும் பார்க்க ஆள் இல்லை. கேபினுக்கு இருக்கிற பெரிய பலமும் இதுதான்: நீங்கள் குனிந்து பார்க்கலாம், விரலை வலைக்குள் விடலாம், குரலைக் கேட்க வைக்கலாம். அதனால் என் கணக்கு இது. எடை இடம் கொடுத்தால் கேபின். எடை இடம் கொடுக்காத, சாதுவான, ஆரோக்கியமான பூனைக்கு, ஆகஸ்ட் மாதத்தில், நேரடி விமானத்தில், அடிப்பகுதி தப்பே இல்லை. அப்படி அனுப்புகிறவர்கள் குற்ற உணர்ச்சியில் தவிக்க வேண்டாம். ஆனால் வயதானது, நோயுற்றது, எளிதில் மிரளுவது என்றால் கூடாது.

மொரிஷியஸ் வழியாக மாறிப் போனால் டிக்கெட் மலிவாகக் கிடைக்கலாம். பூனையோடு போகிறவர்கள் அந்த ஆசையை விட்டுவிட வேண்டும். இன்னொரு நாட்டின் விலங்கு விதிகள் குறுக்கே வரும், ஏற்றி இறக்குவது இரட்டிப்பாகும்.

முகவர் மூலம் சரக்காக

இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. செலவு பல மடங்கு. நீங்கள் போன பிறகு பூனை வர வேண்டிய நிலை இருந்தால், அல்லது போகும் நாடு வேறு வழியை அனுமதிக்காவிட்டால் மட்டும் இது சரி. பிரிட்டன் அப்படிப்பட்ட நாடு. விமானத்தில் வரும் செல்லப் பிராணியைச் சரக்காகத்தான் ஏற்கிறது. லண்டனில் உறவுக்காரர்கள் இருப்பவர்களுக்கு ஒரு யோசனை: பாரிஸ் வரை கேபினில் கொண்டுபோய், அங்கிருந்து காரில், கடலுக்கடியில் போகும் லெ ஷட்டில் ரயிலில் கடக்கலாம். யூரோஸ்டார் பயணிகள் ரயிலில் பூனைக்கு இடம் இல்லை.

ஓய்வுபெற்றுப் புதுச்சேரிக்குத் திரும்புகிறவர்கள் சிலரும் என்னிடம் கேட்டார்கள். இந்தியாவுக்கு விலங்கை எல்லா விமான நிலையத்திலும் இறக்க முடியாது. சென்னை அனுமதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று. அங்குள்ள விலங்கு தனிமைப்படுத்தல் அலுவலகத்தில் முன்கூட்டியே தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். பூனை திரும்பி வரவும் கூடும் என்றால், புறப்படும் முன் தீவிலேயே ரேபிஸ் எதிர்ப்புச் சக்தி ரத்தப் பரிசோதனையைச் செய்து பூனைக்கான பாஸ்போர்ட்டில் பதிந்துவிடுங்கள். தடுப்பூசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும், அளவு மில்லிலிட்டருக்கு 0.5 அலகுக்குக் குறையக் கூடாது. இதைச் செய்யாமல் போய்விட்டு இந்தியாவில் ரத்தம் எடுத்தால், அதன் பிறகு மூன்று மாதம் காத்திருந்துதான் ஐரோப்பாவுக்குள் நுழைய முடியும்.

காகிதங்கள்

ஐரோப்பிய விதிப்படி முதலில் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப், அப்புறம் ரேபிஸ் ஊசி. வரிசை மாறினால் ஊசி கணக்கில் வராது. முதல் ஊசி 12 வாரம் நிறைந்த பிறகுதான், அது செல்லுபடியாக 21 நாள். ஆகக் குட்டிப் பூனைக்கு 15 வாரத்துக்கு முன் பயணம் என்ற பேச்சில்லை. பிறகு நீல நிறப் பாஸ்போர்ட், அதை மிருக டாக்டரே கொடுப்பார். ஒரே நாட்டுக்குள் போகிறோம், எதற்கு இவ்வளவு என்று சிலர் கேட்பார்கள். மூன்றையும் முடித்துவிடுங்கள், கௌண்டரில் நின்று வாதாடுகிற நேரம் பூனையின் நேரம். பிரான்சில் 2012 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்த பூனைக்கு 7 மாதம் தாண்டினால் அடையாளப் பதிவு எப்படியும் கட்டாயம். முகவரி மாறும்போது பதிவேட்டிலும் மாற்றுங்கள். புது ஊரில் பூனை தொலைந்தால் பழைய சேன்-ஆந்த்ரே தொலைபேசி எண்ணுக்குத்தான் அழைப்பு வரும்.

காலம் பற்றியும் ஒரு வார்த்தை. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம். 2024 ஜனவரியில் பெலால், 2025 பிப்ரவரி 28-இல் காரான்ஸ். சிவப்பு எச்சரிக்கை வந்தால் விமான நிலையமே மூடிவிடுவார்கள். வேறு வழியில்லாமல் அந்த மாதங்களில் போகிறவர்கள் மருந்தும் தீனியும் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக வைத்திருங்கள். மருந்து கொடுத்த பிறகு விமானம் ரத்தானால் மறுபடி எப்போது கொடுக்கலாம் என்று டாக்டரிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

ஊரிலேயே விடுவது

“நாய் ஆளோட போகும், பூனை வீட்டோட இருக்கும்” என்று அம்மா அடிக்கடி சொல்வார். மிளகைப் பார்த்த பிறகு அது முழு உண்மை அல்ல என்று எனக்குத் தெரியும். அது என் மகள் பள்ளியிலிருந்து வரும் நேரத்துக்கு வாசற்படியில் உட்காருகிற பூனை. ஆனால் வெள்ளச்சியைப் பொறுத்தவரை அம்மா சொன்னதுதான் சரி. 14 வருடமாக அதற்குத் தெரிந்த உலகம் அந்த வளவு, அந்தத் திண்ணை, மாமரத்தடி, அம்மாவின் கால்மாடு.

அதன் சிறுநீரகத்துக்குத் தண்ணீர்தான் மருந்து. நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும், வாரம் இரண்டு முறை தோலுக்கடியில் திரவம் ஏற்றுவோம். 17 மணி நேரம் தண்ணீர் இல்லாமல், பயத்தில் சாப்பிடாமல் கிடந்தால் மீதி இருக்கும் சிறுநீரகமும் போய்விடலாம் என்றார் டாக்டர். “கொண்டுபோகவே முடியாதா?” என்று கேட்டேன். “முடியும். எடை இருக்கிறது, காகிதம் இருக்கிறது, யாரும் தடுக்க மாட்டார்கள். அது தாங்குமா என்பதுதான் கேள்வி” என்றார். நான் வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் பேசவில்லை.

எங்களுக்கு ஒரு கொடுப்பினை இருந்தது. அண்ணன் வீடும் எங்கள் வீடும் ஒரே வளவுக்குள். பாரிஸ் குளிர் முழங்காலுக்கு ஆகாது என்று அம்மாவும் அண்ணனோடு இருந்துவிடத் தீர்மானித்தார். “நீங்க போங்க அண்ணி, சொன்னா சொன்னபடி செய்வேன், ஊசி போடக் கத்துக்கறேன்” என்று அண்ணியே முன்வந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அண்ணி என்றே கூப்பிட்டுக்கொள்கிறோம். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே திரவம் ஏற்றும் வேலையை அவரிடம் விட்டுவிட்டேன். பக்கத்தில் நின்று பார்த்தேன், கை வைக்கவில்லை. பூனை அவர் கைக்குப் பழகிய பிறகுதான் நாங்கள் கிளம்பினோம். மருந்துச் செலவு மாதாமாதம் எங்களுடையது.

இப்படி ஒரு கை இருந்தால்தான் ‘விட்டுவிட்டுப் போவது’ ஒரு வழி. ஆள் இல்லாவிட்டால் அது வழியே அல்ல. கோவில் வாசலில் விட்டால் யாராவது சோறு போடுவார்கள் என்று ஒரு குடும்பம் சொல்லக் கேட்டு எனக்கு நெஞ்சு பதறியது. வீட்டில் வளர்ந்த பூனைக்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. பிரான்சின் சட்டத்தில் செல்லப் பிராணியைக் கைவிடுவதற்கு மூன்று வருடச் சிறையும் 45,000 யூரோ அபராதமும் வரை உண்டு. சட்டத்துக்காகச் சொல்லவில்லை; பயணம் நிச்சயமான அன்றே ஆள் தேடத் தொடங்குங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

மகள் அழுதாள். மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பதினோரு வயதுப் பிள்ளைக்குச் சிறுநீரகத்தைப் பற்றி எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. கடைசியில் டாக்டரிடமே கூட்டிப்போனேன். அவர் அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டி ஒவ்வோர் எண்ணாக விளக்கினார். வரும் வழியில் காரில், “அப்போ வெள்ளச்சி இங்கேயே இருக்கட்டும்மா” என்று அவளே சொன்னாள்.

போன பிறகு

பாரிசில் முதல் வாரம் மிளகை ஒரே அறையில் வைத்திருந்தோம்: மணல் தட்டு, தண்ணீர், அந்தப் பை, அந்தப் புடவைத் துண்டு. முதல் நாள் கட்டிலுக்கு அடியில். இரண்டாம் நாள் ராத்திரி சாப்பிட்டது. ஐந்தாம் நாள் மகளின் தலையணையில். எங்கள் வீடு நான்காவது மாடி; ஆகஸ்ட் வெக்கைக்கு எல்லோரும் ஜன்னலைத் திறந்து வைக்கிறார்கள். திண்ணையில் வளர்ந்த பூனைக்கு மாடி என்றால் என்னவென்று தெரியாது. பெட்டிகளைப் பிரிக்கும் முன் என் கணவர் செய்த முதல் வேலை ஜன்னல்களுக்கு வலை அடித்தது.

அண்ணி ஞாயிற்றுக்கிழமை தோறும் வெள்ளச்சியைத் தராசில் வைத்துப் படம் அனுப்புகிறார். போன வாரம் 3 கிலோ 150. வீடியோவில் அம்மா திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், அது அவர் கால்மாட்டில் படுத்திருந்தது. மகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். காது மட்டும் ஒரு தரம் திரும்பியது.